பெற்ற மகள், பெறாமகள்: 1968ஆம் ஆண்டின் ஒரு ஹங்கேரியப் படம்

ஹங்கேரிய மொழியில் ‘நப்’ என்றால் சூரியன். நாளுக்கும் அதே நப்தான். தமிழருக்கு இது புதிதில்லை, நம்மிடம் ‘பொழுது’ இருக்கிறது. பொழுது சாய்ந்தது என்றால் சூரியன், பொழுது போகவில்லை என்றால் நேரம். மேஸாரோஷ் மார்த்தா 1968இல் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படத்தின் பெயர் ‘எல்தாவொஸொத் நப்’. ‘போய்விட்ட பொழுது’ என்று தமிழில் வைத்தால் ஒன்றும் சிந்தாது. ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘தி கேர்ள்’. வெறும் பெண். பொழுதும் போய்விட்டது, போனது என்ற செய்தியும் போய்விட்டது.

பெயரில் நடந்த இந்த இழப்பு, படம் நெடுக சப்டைட்டிலிலும் நடக்கிறது. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதிலேயே கதை நகரும் படம் இது. ஆங்கில வரிகளை மட்டும் நம்பினால் அதில் பெரும்பகுதி கைநழுவும். பத்துப் பன்னிரண்டு ஹங்கேரியச் சொற்களைக் காதில் போட்டுக்கொண்டு உட்காரும் தமிழருக்கோ, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். படத்தைப் பார்க்கலாமா என்றால் கட்டாயம் பார்க்கலாம். ஆனால் அந்தத் தயாரிப்போடு பாருங்கள்.

அடிப்படை விவரங்கள் முதலில். கறுப்பு வெள்ளை, ஏறத்தாழ 80 நிமிடம். ஹங்கேரியில் ஒரு பெண் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது. நாயகி எர்ஷியாக நடித்தவர் கோவாச் காத்தி, அந்த நாட்டின் புகழ்பெற்ற பாப் பாடகி. ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைத்து, சொந்தப் பெயரைப் பின்னால் சொல்வார்கள். நாம் அப்பா பெயரின் எழுத்தை முன்னால் போடுவது போலத்தான். ஆங்கிலப் பெயர்ப்பட்டியல்கள் இதைத் திருப்பிப் போடும். ஒரே நடிகர் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

கதை எளியது. எர்ஷி அரசுக் காப்பகத்தில் வளர்ந்தவள். புடபெஷ்டில் நூற்பு, நெசவு வேலை நடக்கும் ஆலையில் தொழிலாளி. தன்னைப் பெற்றவள் ஒரு கிராமத்தில் இருக்கிறாள் என்று அறிந்து தேடிப் போகிறாள். தாய்க்கு இப்போது கணவன் உண்டு, பிள்ளைகள் உண்டு. திருமணத்துக்கு முன்பு பிறந்த ஒரு பெண்ணைப் பற்றி அந்த வீட்டுக்கு எதுவும் தெரியாது. அதனால் தாய் அவளைத் தன் உறவுக்காரப் பெண் என்று வீட்டாருக்கு அறிமுகம் செய்கிறாள். ஆங்கில சப்டைட்டில் இந்த இடத்தில் ‘நீஸ்’ என்று சொல்லிவிட்டு நகர்கிறது.

இங்கே படத்தை நிறுத்தித் தமிழில் யோசியுங்கள். ‘நீஸ்’ என்பதைத் தமிழாக்க முடியாது. யார் மகள் என்று தெரிந்தால்தான் சொல் கிடைக்கும். தாயின் அண்ணன் அல்லது தம்பியின் மகள் என்றால் மருமகள். அப்படிச் சொன்னால் அந்த வீட்டுப் பையன்களுக்கு அவள் மாமன் மகள், முறைப்பெண். உண்மையில் ஒரே வயிற்றில் பிறந்த சகோதரியை முறைப்பெண் ஆக்கிவிடும் மொழிபெயர்ப்பு படத்தையே வேறு எங்கோ கொண்டுபோய்விடும். இயந்திர மொழிபெயர்ப்பில் தமிழ் சப்டைட்டில் போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். ‘நீஸ்’ வந்தால் ‘மருமகள்’ என்று போடுவது இயந்திரத்தின் வழக்கம். அதைப் படிப்பவர், மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறாள் போலும் என்று நினைப்பார்.

தாய் தன் அக்கா மகள் அல்லது தங்கை மகள் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டால்? அப்போது தமிழில் அவள் மகள் முறைதான். நம் வீடுகளில் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறோம்: பெறாமகள். பெற்ற மகளைப் பெறாமகள் என்று அறிமுகம் செய்கிறாள் ஒரு தாய். முழுப் படமும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். யாராவது ஒருநாள் இதற்கு முறையாகத் தமிழ் சப்டைட்டில் எழுதினால், இந்தச் சொல்லைத் தவிர வேறு எதையும் போடக்கூடாது.

அடுத்த சிக்கல் உடனே வரும். அந்தப் பெண் இப்போது தாயை என்னவென்று கூப்பிடுவாள்? அக்கா மகள் என்றால் ‘சித்தி’. தங்கை மகள் என்றால் ‘பெரியம்மா’. சித்தி என்றால் மாற்றாந்தாயையும் குறிக்கும் என்பதால், பெற்றவளைப் பார்த்து ‘சித்தி’ என்று சொல்ல வைப்பது மிகக் கொடுமையான, மிகச் சரியான தேர்வு. வீட்டுக்காரர் சித்தப்பா ஆகிவிடுவார். ஹங்கேரிய மொழியில் இவ்வளவு நெருக்கடி இல்லை. வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் பெயருக்குப் பின்னால் ‘நேனி’ சேர்த்து அழைக்கலாம், ஆணென்றால் ‘பாச்சி’. தெருவில் போகிறவரையும் ஆன்ட்டி, அங்கிள் என்று அழைக்கும் சிங்கப்பூர்க்காரருக்கு இது உடனே பிடிபடும். சொந்தமா இல்லையா என்று சொல்லாமலே மரியாதையாகத் தப்பித்துக்கொள்ள உதவும் சொற்கள் அவை.

அண்ணன், தம்பி விவகாரத்தில் ஹங்கேரியம் நம்மைப் போலவே கறாரான மொழி. ‘பாத்ய்’ என்றால் அண்ணன், ‘ஒச்ச்’ என்றால் தம்பி, ‘நோவேர்’ அக்கா, ‘ஹூக்’ தங்கை. ஆங்கில சப்டைட்டில் நான்கையும் இரண்டாக்கிவிடும். சகோதரன் மகளுக்கும் சகோதரி மகளுக்கும் பொதுவாக வழங்கும் ‘உனோகாஹூக்’ என்ற சொல்லுக்குள்ளும் அந்தத் தங்கை ஒட்டிக்கொண்டிருப்பதைக் கேட்கலாம்.

தாய்க்கு அவர்கள் மொழியில் பல சொற்கள். ‘அன்ய’ என்றால் அம்மா. ‘எதேஷ்’ என்றால் இனிப்பு. இரண்டையும் சேர்த்து ‘எதேஷன்ய’ என்றால் பெற்ற தாய். வளர்த்தவளுக்கு ‘நெவெலோ அன்ய’, மாற்றாந்தாய்க்கு ‘மொஷ்தொஹ’. ஒரு பெண் காப்பகத்தில் வளர்ந்தவள் என்பதைச் சொல்ல ‘இன்தேஸெத்’ என்ற சொல் வரும், நிறுவனம் என்று பொருள். ஆங்கிலத்தில் எல்லாமே ‘மதர்’, ‘ஹோம்’ என்று வந்து விழுகின்றன. காப்பகத்தையும் ‘ஹோம்’ என்று போட்டு, வீட்டையும் ‘ஹோம்’ என்று போட்டால் அவள் எதை விட்டு எதைத் தேடிப் போகிறாள் என்பதே மங்கிவிடும்.

இனி மிக முக்கியமான காதுப்பயிற்சி: நீயும் நீங்களும். ஹங்கேரியத்தில் ‘தெ’ என்றால் நீ. ‘மகா’ என்றால் நீங்கள், கொஞ்சம் விலகலோடு. ‘ஒன்’ என்றால் இன்னும் மரியாதை, அலுவலகத் தொனி. ஆனால் பேச்சில் இந்தப் பெயர்ச்சொற்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், தமிழில் ‘வர்றியா’ என்றால் ‘நீ’ தேவையில்லாததைப் போல. வினைமுற்றின் வாலைத்தான் பிடிக்க வேண்டும். ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். வீட்டுக்கு வந்தவரிடம் காபி வேண்டுமா என்று கேட்கும்போது ‘கேர்ஸ்?’ என்று முடிந்தால் ‘வேணுமா உனக்கு’. ‘கேர்?’ என்று நின்றால் ‘வேணுமா உங்களுக்கு’. நுனியில் ஒரு ‘ஸ்’ இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். ‘கேர்’ என்ற வினையடிக்குப் பொருளும் கேள், வேண்டு என்பதுதான். தமிழோடு சொந்தம் எதுவும் இல்லை, தற்செயல். ஆனாலும் நினைவில் வைக்க நன்றாக உதவும். இதேபோல ‘யோஸ்’ என்றால் ‘வர்றே’, ‘யோன்’ என்றால் ‘வர்றீங்க’.

வணக்கத்திலும் கவனம் வேண்டும். ‘ஸெர்வுஸ்’, ‘ஸியா’ எல்லாம் நீ போட்டுப் பேசுகிறவர்களுக்குள். ‘யோ நபோத்’ என்றால் தெரியாதவரிடம், மரியாதைக்குரியவரிடம். அதற்குள் இருக்கும் ‘நப்’ படத்தின் பெயரில் உள்ள அதே பொழுது. பெற்றவளும் பெண்ணும் நேருக்கு நேர் நிற்கும் காட்சிகளில் சப்டைட்டிலைப் படித்து முடித்ததும் கண்ணை எடுத்துவிட்டு, அந்த வால்களை மட்டும் கேளுங்கள். எட்டத்தில் வைப்பதும் நெருங்குவதும் அங்கேதான் நடக்கிறது.

இரண்டு மூன்று காட்சிகளுக்குள் காது பழகிவிடும். ஹங்கேரியச் சொற்களில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில்தான் விழும், எனவே எங்கே சொல் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது எளிது. எழுத்தில் ‘எஸ்’ என்று இருப்பதை ‘ஷ்’ என்றும், ‘எஸ்ஸெட்’ என்ற இரட்டை எழுத்தை ‘ஸ்’ என்றும் சொல்வார்கள். புடபெஸ்ட் என்று நாம் சொல்லும் நகரம் அவர்கள் வாயில் புடபெஷ்ட் ஆவது அதனால்தான். வேற்றுமை உருபுகளும் நம்மைப் போலச் சொல்லின் வாலில் ஒட்டும். ‘ஹாஸ்’ வீடு, ‘ஹாஸ்பன்’ வீட்டில். ஒட்டுமொழி பேசி வளர்ந்தவருக்கு இந்த மொழியின் ஓட்டம் அந்நியமாகத் தோன்றாது.

படத்தின் நகரம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வதும் உதவும். ஹங்கேரியில் புடபெஷ்ட்டைத் தவிர்த்த மொத்த நாட்டுக்கும் ‘விதேக்’ என்று பெயர். பெரிய ஊரான தெப்ரெத்ஸெனும் விதேக்தான். தலைநகரத்துக்குப் போவதை ‘பெஷ்ட்டுக்கு ஏறுவது’ என்பார்கள், ஊருக்குப் போவதை ‘இறங்குவது’. 1960களில் அப்படி ஏறி வந்த இளைஞர்கள் தங்கிய இடங்கள் மூன்று வகை. முதலாவது ‘முன்காஷ்ஸாலோ’, தொழிலாளர் விடுதி. ஆலை நடத்தும் பொதுக் கூடம், ஓர் அறையில் பல கட்டில்கள், ஆளுக்கு ஓர் அலமாரி. இரண்டாவது ‘அல்பேர்லெத்’, யாரோ ஒருவர் வீட்டில் உள்வாடகை அறை. மூன்றாவது ‘ஆக்யரயாரோ’. சொல்லுக்குச் சொல் ‘படுக்கைக்குப் போகிறவர்’ என்று பொருள். அறைகூட இல்லை, படுக்கை மட்டும் வாடகைக்கு. சிங்கப்பூரின் தேக்கா வட்டார அடுக்குகளின் அறிவிப்புப் பலகைகளில் ‘பெட் ஸ்பேஸ்’ பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாட்டின் வடகிழக்கு மூலையிலிருந்து, 200 கிலோமீட்டருக்கு மேல், வாரம் ஒருமுறை தொழிலாளர்களை ஊருக்கும் தலைநகரத்துக்கும் ஏற்றி இறக்கிய ரயில்களுக்கு ‘ஃபெகெதெ வொனத்’, கறுப்பு ரயில், என்று பெயர். ஆண்கள் கட்டடப் பணிக்கும் பெண்கள் ஆலைக்கும் அதில் வந்தார்கள். இந்தப் பின்னணி தெரிந்தால், படத்தில் ஒரு பெண் தனியாக ரயிலில் போவதே என்ன காட்சி என்று விளங்கும். பெட்டியில் எதிரே உட்காரும் ஆண்கள் பேச்சுக் கொடுப்பது, அவள் பதில் சொல்வது அல்லது சொல்லாமல் சன்னல் பக்கம் திரும்புவது, எல்லாம் அந்தக் காலத்து நடப்பு. மேஸாரோஷ் இதைக் குற்றச்சாட்டாகவும் காட்டவில்லை, காதலாகவும் காட்டவில்லை. இப்படித்தான் இருந்தது என்று பக்கத்து இருக்கையிலிருந்து காட்டுகிறார்.

வீட்டுப் பஞ்சம் அன்றைய ஹங்கேரியின் பெரிய தலைவலி. 15 ஆண்டுகளில் 10 லட்சம் வீடுகள் கட்டும் திட்டத்தை 1960இல் அரசு அறிவித்து, அச்சில் வார்த்த கான்கிரீட் பலகைகளால் அடுக்குகள் எழும்பிக்கொண்டிருந்தன. மத்திய சேம நிதிப் பணத்தைக் கொண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கலாம் என்று சிங்கப்பூரில் வழி திறந்ததும் படம் வந்த இதே 1968இல்தான். இங்கே அந்தத் தலைமுறை கம்பம் எனப்படும் கிராமத்திலிருந்து அடுக்குமாடிக்கு ஏறியபோது குடும்பமாக ஏறியது. எர்ஷி மாதிரிப் பெண்களுக்கு ஏறக் குடும்பம் இல்லை. விடுதிக் கட்டிலும் ஆலையும் நடனக்கூடமும்தான். நம் ஊரில் இதற்கு இணை தேட வேண்டுமானால் வீவக அடுக்குகளில் தேடக்கூடாது, துவாசிலும் கிராஞ்சியிலும் உள்ள ஊழியர் தங்கும் விடுதிகளிலும், விடிவதற்கு முன்பே ஜொகூரிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டி வேலைக்கு வரும் கூட்டத்திலும் தேட வேண்டும்.

இயக்குநர் இந்தப் பொருளை எடுத்ததற்குக் காரணம் உண்டு. மேஸாரோஷ் 1931இல் பிறந்தவர். சிற்பியான தந்தை குடும்பத்தோடு சோவியத் நாட்டுக்குப் போய், கிர்கிஸ்தானில் இருந்தபோது 1938இல் ஸ்டாலின் ஆட்சியில் கைது செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். தாயும் இறந்துவிட, வளர்ப்புத் தாயிடம் வளர்ந்தார். மாஸ்கோ திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு, பல ஆண்டுகள் குறும் ஆவணப்படங்கள் எடுத்த பிறகுதான் இந்தப் படம். ஆவணப்படக் கை இதில் நன்றாகத் தெரிகிறது. முகங்களை நெருக்கத்தில் வைத்து, வசனம் முடிந்த பின்னும் கேமராவை எடுக்காமல் காத்திருக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1975இல், ‘தத்து’ என்ற பொருளுள்ள பெயரில் அவர் எடுத்த படம் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி பெற்றது. ஒரு பெண் இயக்குநருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. தாய், வளர்ப்பு, கைவிடல் என்ற அந்தப் பாதை தொடங்குவது இந்த 1968 படத்தில்.

நடிப்பைப் பொறுத்தவரை, கோவாச் காத்தி எதையும் முகத்தில் போட்டுக் காட்டவில்லை. இது சிலருக்குக் குறையாகத் தெரியும். தேடி வந்த தாயைப் பார்த்ததும் கண்ணீர் வழியும், பின்னணி இசை எழும் என்று எதிர்பார்த்துப் பார்ப்பவருக்கு முதல் அரைமணி நேரம் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் காப்பகத்தில் வளர்ந்தவள் யாரிடமும் அழுது பழகியிருக்க மாட்டாள். உணர்ச்சியைக் காட்டினால் எடுத்துக்கொள்ள யாரும் இல்லாத இடத்தில் வளர்ந்தவளின் முகம் அது. தலைத்துணி கட்டிய கிராமத்துப் பெண்களுக்கு நடுவே குட்டை முடியோடு அவள் நிற்பதே போதும், அவளுக்கும் அவர்களுக்கும் இடையே எத்தனை தூரம் என்று தெரிந்துவிடும். தாயாக வரும் ஹோர்வாத் தெரி இன்னும் கடினமான வேலையைச் செய்திருக்கிறார். பொய் சொல்பவள், பயப்படுபவள், ஆனால் கெட்டவள் இல்லை. மகளை அனுப்பிவிட வேண்டும், பசியோடு அனுப்பவும் கூடாது என்ற இரண்டையும் ஒரே உடம்பில் சுமக்கிறார்.

குறைகளும் உண்டு. கிராமப் பகுதி முடிந்து நகரத்துக்குத் திரும்பியபின் படம் தளர்கிறது. நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை. அவளைச் சுற்றி வரும் ஆண்கள் அனைவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் போல இருப்பதால், யார் எந்தக் காட்சியில் வந்தார் என்பதே சில இடங்களில் மறந்துவிடும். ஆலை வேலையின் நேரமும் களைப்பும் இன்னும் கொஞ்சம் விரிவாக இருந்திருக்கலாம், அதற்கு அவருடைய அடுத்த படங்களுக்குத்தான் போக வேண்டும். முடிவைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது அவரே 1973இல் எடுத்த ‘ஸபத் லேலெக்ஸெத்’. ‘தடையில்லா மூச்சு’ என்று பொருள், ஆங்கிலத்தில் ‘ரிடன்ஸ்’. குத்வொல்யி எர்ஷேபெத் நடித்த யுத்கா ஒரு நெசவாலைத் தொழிலாளி. காதலிப்பது பல்கலைக்கழக மாணவனை. அவனுடைய பெற்றோர் முன்னால் அவளும் ஒரு மாணவி என்று நடிக்க வேண்டியிருக்கிறது. முதல் படத்தில் உறவை மறைத்தார்கள், இதில் வேலையை மறைக்கிறார்கள். தொழிலாளர்களின் ஆட்சி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட நாட்டில், தொழிலாளி என்பதை வருங்கால மாமியாரிடம் சொல்ல முடியவில்லை.

சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் இந்தப் படம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பெண் பார்க்கும் பேச்சில் “மாப்பிள்ளை சிங்கப்பூர்ல என்ன வேலை?” என்ற கேள்விக்கு அடுத்து “என்ன பாஸ்?”, அதாவது எந்த வகை வேலை அனுமதி, என்றுதான் வருகிறது. ஒர்க் பெர்மிட்டா, எஸ் பாஸா, எம்ப்ளாய்மெண்ட் பாஸா என்பதில் சம்பந்தமே நின்றுபோகும். ‘கம்பெனியில் சூப்பர்வைசர்’ என்று ஊரில் சொல்லி வைத்திருப்பவர்களுக்கு யுத்கா கூச்சத்தோடு சாப்பாட்டு மேசையில் உட்காருவதைப் பார்ப்பது எளிதாக இருக்காது. இயக்குநர் அவள்மீது பரிவோடு இருக்கிறார், அவளை விட்டுக்கொடுக்கவே இல்லை. இரண்டு படங்களில் எது மேல் என்றால், கட்டுக்கோப்பில் இதுதான். மனத்தில் நெடுநாள் நிற்பது பழையதுதான்.

பார்க்கும் வழி. இங்கே ஆண்டுதோறும் நடக்கும் ஐரோப்பிய ஒன்றியத் திரைப்பட விழாவில் ஹங்கேரியப் படங்கள் வரும், ஆனால் பெரும்பாலும் புதிய படங்கள். பழையவற்றுக்கு வட்டுதான் உறுதியான வழி. வட்டு வாங்கும்போது செய்யும் பொதுவான தவறு மண்டலக் குறியீட்டைப் பார்க்காமல் வாங்குவது. சிங்கப்பூர் டிவிடிக்கு மண்டலம் 3, புளூரேக்கு மண்டலம் ஏ. ஐரோப்பிய டிவிடிகள் மண்டலம் 2, ஐரோப்பிய புளூரேக்கள் மண்டலம் பி. இங்கே விற்கும் சாதாரணக் கருவியில் பி வட்டு ஓடாது. திரையில் ஒரு பிழை அறிவிப்பு வந்து நிற்கும். வட்டின் பின்னட்டையில் மண்டலம் 0 அல்லது ‘ஏபிசி’ என்று இருந்தால் எதிலும் ஓடும். அது இல்லையென்றால், பல மண்டலக் கருவி கையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஐரோப்பிய டிவிடியில் இன்னொரு மறைவான சிக்கல். திரையரங்கில் வினாடிக்கு 24 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) ஓடும் படத்தை, ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் 25 சட்டங்களாக ஓட்டுவார்கள். 80 நிமிடப் படம் 77 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எதையும் வெட்டவில்லை, வேகம்தான் கூடியிருக்கிறது. பின்னட்டையில் நேரம் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் காட்சி நீக்கப்பட்டிருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். ஒலியைத் திருத்தாமல் விட்டிருந்தால் சுருதி ஏறும், ஏறத்தாழ ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்கு. பேச்சில் இது தெரியாது. இசையும் நடனமும் வரும் இடங்களில், காது பழகியவருக்குப் பாட்டு கொஞ்சம் கீச்சென்று கேட்கும். புளூரேயில் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை.

தொலைக்காட்சியில் மூன்று அமைப்புகளை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். படத்தைத் திரை முழுக்க இழுக்கும் வசதியை நிறுத்துங்கள். பக்கங்களில் கறுப்புப் பட்டை தெரிந்தால் அது இருக்க வேண்டிய பட்டைதான். சந்தேகம் வந்தால் வட்டமான ஏதாவது ஒரு பொருளைப் பாருங்கள், கடிகாரமோ தட்டோ முட்டை வடிவில் தெரிந்தால் விகிதம் தவறு. அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். இல்லாவிட்டால் 1968இன் படம் நேற்று எடுத்த சீரியல் போல ஆகிவிடும். மூன்றாவது, வண்ணங்களைக் கூட்டிக்காட்டும் பட அமைப்பை விட்டுவிட்டு ‘சினிமா’ அமைப்புக்குப் போங்கள். மற்றதில் வெள்ளை கண்ணைக் கூசும், கறுப்பில் முகத்தின் நிழல் தொலைந்துவிடும். இந்தப் படத்தில் நிழல் தொலைந்தால் நடிப்பும் தொலையும். சப்டைட்டில் வெள்ளை எழுத்தாக இருந்து, வெளிச்சமான பின்னணியில் கரைந்துபோனால், கருவியின் அமைப்பில் மஞ்சளுக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். கணினியில் ஓட்டும் மென்பொருள்கள் பலவற்றில் முடியும். வட்டிலேயே படமாகப் பதிந்த எழுத்தென்றால் மாற்ற முடியாது.

சங்கங்கள், வாசகர் வட்டங்கள் கூட்டாகத் திரையிட விரும்பினால் சொந்த வட்டைக் கொண்டுவந்து போட்டுவிட முடியாது. பொதுத் திரையிடலுக்கு உரிமை வைத்திருப்பவரின் அனுமதி ஒன்று, படங்களுக்கு வயதுத் தரம் வழங்கும் அரசு அமைப்பான ஐஎம்டிஏவின் தரப்படுத்தல் இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு வேலைகள், ஒன்று கிடைத்ததால் மற்றது கிடைத்ததாகாது. தேதியை அறிவிக்கும் முன்பே இரண்டையும் தொடங்கிவிட வேண்டும். பெண்களின் குளியலறையையும் உடை மாற்றும் இடத்தையும் மறைக்காமல், ஆசையைத் தூண்டும் நோக்கமும் இல்லாமல் காட்டுவது மேஸாரோஷின் ஆலைப் படங்களில் வழக்கம். குடும்ப நிகழ்ச்சி என்று அறிவித்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் போடாதீர்கள்.

இரண்டு படங்களையும் ஒரே மாலையில் போடுவதானால் பழையதை முதலில் போடுங்கள். இடையில் 20 நிமிடமாவது விடுங்கள், தேநீருக்கு மட்டுமல்ல, பேச. முதல் படத்துக்கு முன்னால் ஒரு தாளில் இந்தச் சொற்களை மட்டும் அச்சிட்டுக் கொடுங்கள்: அன்ய, எதேஷன்ய, நேனி, பாச்சி, ஹூக், உனோகாஹூக், கேர்ஸ், கேர், யோ நபோத். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ். உனோகாஹூக்கிற்கு எதிரே மட்டும் இடத்தைக் காலியாக விடுங்கள். இடைவேளையில் ஆளுக்கொரு பேனா கொடுத்து, அங்கே என்ன போடலாம் என்று கேளுங்கள்.